ஹட்டன் குளிரில் ஹொட் யோகா: நான் பட்டதும் பழகியதும்

முதலில் கரிச்சட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறெதையும் வாசிக்காமல் போனாலும் இது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2021 ஜனவரி. இலங்கை மலையகத்து ஹட்டனில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும், சீமெந்துத் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. கொழும்பு வேலையை விட்டு வீட்டோடு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே பழகிய ஹொட் யோகாவை, அதாவது சூடாக்கிய அறையில் செய்கிற யோகாவை, எப்படியாவது இங்கேயும் தொடர வேண்டும் என்ற பிடிவாதத்தில், ஒரு பெரிய சட்டியில் சிரட்டைக்கரியைத் தணலாக்கிப் பின்னறையில் கொண்டுவந்து வைத்து, கதவிடுக்கில் பழைய சாரத்தைச் செருகிவிட்டு ஆரம்பித்தேன். இருபது நிமிடத்தில் அறை நன்றாகச் சூடாகிவிட்டது. அரைமணி நேரம் ஆகும்போது நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன, வயிற்றைப் புரட்டியது. சூட்டுக்கு இதெல்லாம் வரும்தானே என்று தண்ணீரைக் குடித்துவிட்டு மேலும் செய்தேன். அம்மா தேத்தண்ணீரோடு வந்து கதவைத் தள்ளியபோது நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேனாம், கூப்பிட்டதற்குப் பதில் சொல்ல நேரம் எடுத்ததாம். இஸ்தோப்பில் கொண்டுபோய் உட்கார வைத்த பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது. தலைவலி அன்று இரவு வரை போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை.

அது சூட்டால் வந்த மயக்கமே இல்லை. கரி எரியும்போது வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. இரத்தத்தில் ஒட்சிசன் போய் உட்கார வேண்டிய இடத்தை அது 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும், நாம் மூச்சு விட்டுக்கொண்டே இருப்போம், உடம்புக்கு ஒட்சிசன் போகாது. யோகா செய்கிறவர் வேறு ஆழமாக இழுத்து இழுத்து விடுகிறார். இன்னும் பயங்கரமானது என்னவென்றால், தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று அதன் அறிகுறிகள் வெப்பக் களைப்பின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால் ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. கரி, விறகு, மண்ணெண்ணெய், புகைபோக்கி இல்லாத காஸ் ஹீட்டர் எதுவானாலும் சரி, மூடிய அறைக்குள் வேண்டாம். ஒரே அறையில் இருக்கிற இரண்டு மூன்று பேருக்கும் ஒன்றாகத் தலைவலி வந்தால், அல்லது வெளியே வந்ததும் தெளிந்தால், அதைச் சந்தேகப்பட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சரி, ஹொட் யோகாவுக்கு நான் எப்படிப் போனேன் என்று சொல்கிறேன். வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருந்தபடி கணக்கு வேலை பார்த்தேன், நாளுக்கு ஒன்பது மணித்தியாலம் கதிரையில். முதுகு பலகை மாதிரி ஆகிவிட்டது. கூட வேலை செய்த அக்கா ஒருவர் 2018இல் ஒரு வகுப்புக்கு அழைத்துப் போனார். பிக்ரம் சௌத்ரி அமெரிக்காவில் பரப்பிய முறை அது: 26 ஆசனங்கள், இரண்டு மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடம், அறை ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 40 வீதம். எல்லா ஹொட் யோகாவும் இப்படி இல்லை, 30 பாகையில் செய்கிற இடங்களும் உண்டு. முதல் நாள் பகல் சாப்பிடாமல் போய், வகுப்புக்கு முன்னால் ஒரு லீட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். உஷ்ட்ராசனத்தில் முதுகை வளைத்துத் தலையைப் பின்னால் விட்டேனோ இல்லையோ கண் இருட்டியது. எழும்பி வெளியே போகப் பார்த்தபோது, வகுப்பு நடத்தியவர் அறையை விட்டுப் போகக்கூடாது, உடம்பு பழகும் என்றார். நானும் அடங்கி உட்கார்ந்தேன். இன்று அப்படி ஒருவர் சொன்னால் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். வெளியே போகாதே, நான் சொல்லும்வரை தண்ணீர் குடிக்காதே என்று சொல்கிற ஆளிடம் யாரும் இதைப் பழகக்கூடாது.

கண் இருட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அறை சூடானதும் உடம்பு தன்னைக் குளிர்த்த இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, தோலின் நாளங்கள் விரிகின்றன, வியர்வையில் தண்ணீரும் போகிறது. அந்த நேரத்தில் குனிந்து சட்டென்று நிமிர்ந்தால், படுத்து எழும்பினால், தலையைப் பின்னால் சாய்த்தால் மூளைக்கு ஒரு நொடி இரத்தம் போதாமல் போகும். அதனால் முன்பக்கம் குனிகிற பாத ஹஸ்தாசனத்திலிருந்து நிமிரும்போது முழங்காலை மடித்து, கையைத் தொடையில் ஊன்றி, இரண்டு மூச்சு எடுத்து நிமிர்வேன். படுத்த நிலையிலிருந்து எழும்புவதென்றால் முதலில் பக்கவாட்டில் திரும்பி, பிறகு உட்கார்ந்து, அப்புறம்தான் நிற்பேன். தலை சுற்றினால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், சமாளித்து நிற்கப் பார்த்தால் விழும்போது தலை அடிபடும். படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், வெளியே வந்துவிடுவேன்.

கொழும்பில் இரண்டு வருடம் செய்தவள்தானே, ஹட்டனில் ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டேன்? இது எனக்குப் பிடிபட நாளெடுத்தது. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று இரண்டு கிழமைகள் வேண்டும். அந்த நாட்களில் வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் போகிற உப்பு குறையும், நெஞ்சு அடித்துக்கொள்வதும் குறையும். ஆனால் வெப்பத்தை விட்டு விலகிய சில கிழமைகளிலேயே அந்தப் பழக்கம் கரைந்துவிடும். கொழும்பில் இருந்தால் பஸ் ஏறி இறங்குவதிலேயே நாள் முழுக்க உடம்பு சூட்டுக்குப் பழகிக்கொண்டிருக்கிறது. இங்கே 1,200 மீற்றருக்கு மேலே, ஜர்சியும் குல்லாவுமாகத் திரிகிற உடம்பை ஒரே நாளில் 40 பாகைக்குள் கொண்டுபோனால் அது புது உடம்புதான். நுவரெலியா, தலவாக்கலைப் பிள்ளைகள் லீவுக்குக் கொழும்பு போய் இப்படி ஒரு வகுப்பில் சேர்ந்தால், ஊரில் எத்தனை வருடம் யோகா செய்திருந்தாலும் முதல் கிழமை பாதி நேரம் செய்தால் போதும். கதவுக்குப் பக்கத்தில் பாயை விரியுங்கள்.

கரிச்சட்டியோடு பட்ட பிறகு ஒரு 2,000 வொட் மின்சார ஹீட்டர் வாங்கினேன். அதற்கும் சில விஷயம் உண்டு. எங்கள் பழைய வீட்டு வயரிங் பல்புக்கும் ரேடியோவுக்கும் போட்டது, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்களில் இன்னும் மோசம். முதல் நாள் நீட்டு வயரில் செருகிப் பார்த்தபோது பிளக் கையைச் சுட்டது. கரன்ட் வேலை செய்கிற தம்பியைக் கூப்பிட்டு அந்த அறைக்கு மட்டும் தனி லைன் இழுத்தோம். ஒரு மணித்தியாலம் எரிந்தால் இரண்டு யூனிட், பில் ஏறத்தான் செய்யும். ஈரத் துவாயை ஹீட்டர் பக்கமே கொண்டு போகக்கூடாது. சுவரில் வெப்பமானி ஒன்று தொங்கவிட்டேன், அது நல்ல காரியம். முன்பெல்லாம் வியர்வையை வைத்துச் சூட்டை மதிப்பிட்டேன், அது முழுத் தப்பு.

ஏன் தப்பு என்றால், வெளியே இருக்கிற குளிர்ந்த காற்று எவ்வளவு ஈரமாகத் தெரிந்தாலும் அதை ஹீட்டர் சூடாக்கும்போது வறண்டுவிடும். கொழும்பு வகுப்பில் வியர்வை பாயில் சொட்டும், இங்கே தோலிலேயே காய்ந்து போனது. எனக்கு அவ்வளவாக வியர்க்கவில்லை என்று நினைத்தேன், தாகமும் இல்லை, குளிர் ஊரில் தாகம் யாருக்கு எடுக்கிறது? ஒரு நாள் செய்வதற்கு முன்னும் பின்னும் தராசில் ஏறிப் பார்த்தேன், ஈர உடுப்பைக் கழற்றிவிட்டு. 800 கிராம் குறைந்திருந்தது. ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். கொழுப்புக் கரைந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள், மத்தியானத்துக்குள் அந்த எடை திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோவுக்கு மேல் போனால், அதாவது எடையில் இரண்டு வீதத்துக்கு மேல், அன்று சூடு அல்லது நேரம் கூடிவிட்டது.

அதற்காகத் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது. வியர்வையோடு உப்பும் போயிருக்க, வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குழப்பமும் வரும், முற்றினால் வலிப்பு வரைக்கும் போகும். நான் முந்தின நாளிலிருந்தே சாதாரணமாகக் குடித்து வருவேன், செய்வதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னால் இரண்டு கிளாஸ், இடையில் சில மிடறு, முடிந்த பிறகு குறைந்த எடையைப் பார்த்து மெதுவாக. நிறைய வியர்த்த நாளில் தேசிக்காய்த் தண்ணீரில் கொஞ்சம் உப்பும் சீனியும், இல்லாவிட்டால் பாமசியில் விற்கிற ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் தூள், பக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து. பிளேன்டீ குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகக் குடிக்கலாம், அதுவும் தண்ணீர்தான், ஆனால் அதில் உப்பு இல்லை. பிரஷர் இருக்கிறவர்கள் உப்பு விஷயத்தில் வைத்தியரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இனி என் இடுப்புக் கதை. சூட்டில் தசை இளகும், அது உண்மைதான், சாதாரண நாளில் முழங்காலைத் தாண்டாத கை சூட்டறையில் தரையைத் தொடும். அந்தச் சந்தோஷத்தில் நான் இன்னும் இன்னும் இழுத்தேன். தசை விட்டுக்கொடுக்கிறது என்பதற்காக அதை எலும்போடு பிடித்திருக்கிற தசைநாணும் அதே அளவுக்கு விட்டுக்கொடுக்கும் என்று நினைத்துவிட்டேன். வலியையும் சூடு கொஞ்சம் மறைத்துவிடுகிறது. ஒரு மாதத்தில், உட்காரும்போது தரையில் படுகிற பிட்டத்து எலும்பில் ஒரு வலி வந்தது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் வளைவு வளைவாகப் போகும்போது ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. வலிக்கிற இடத்தை நீட்டினால் சரியாகும் என்று மேலும் நீட்டினேன், மேலும் வலித்தது. கடைசியில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துவிட்டு, தொடையின் பின்தசை எலும்பில் ஒட்டுகிற நாண் கெட்டிருக்கிறது, முன்பக்கம் குனிகிற எல்லாவற்றையும் நிறுத்து, நீட்டாதே, பலப்படுத்து என்றார். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்துகிற சேதுபந்தாசனம், பிறகு அதையே ஒற்றைக் காலில். ஐந்து மாதம் போனது.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கிற கணக்கு இது. தசையின் நடுவில் இழுக்கிற உணர்வு வந்தால் பரவாயில்லை. மூட்டுக்குப் பக்கத்தில், எலும்போடு ஒட்டுகிற இடத்தில், அல்லது குத்துவது போல, மின்சாரம் பாய்வது போல வந்தால் உடனே வெளியே வா. குளிர் அறையில் எவ்வளவு தூரம் குனிய முடிகிறதோ, சூட்டில் அதற்குக் கொஞ்சம் மேலே மட்டும் போ. முழங்காலைப் பூட்டி நில் என்று சில வகுப்புகளில் சொல்வார்கள், அதைக் கேட்டு முழங்காலைப் பின்பக்கமாகத் தள்ளி நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். தொடைத் தசையை இறுக்கி, முழங்காலில் ஒரு துளி வளைவு விட்டு நின்றால் போதும். இயல்பாகவே கை கால் அளவுக்கு மீறி வளைகிற ஆட்கள் சூட்டறையில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அவர்களைத் தடுத்து நிறுத்த இறுக்கம் எதுவும் இல்லை.

முடிந்த பிறகு வெளியே வருவது இங்கே தனிப் பிரச்சினை. கொழும்பில் நேரே தெருவில் இறங்கலாம். இங்கே அறைக்குள் 30, கதவுக்கு வெளியே 14. ஈர உடுப்போடு வெளியே போனால் ஐந்து நிமிடத்தில் பல் அடிக்கும். நான் ஹீட்டரை நிறுத்திவிட்டு அதே அறையில் பத்து நிமிடம் சவாசனத்தில் கிடப்பேன், அறையும் நானும் ஒன்றாகக் குளிர்வோம். பிறகு துடைத்து, உள்ளுடுப்பு உட்பட எல்லாவற்றையும் மாற்றி, அப்புறம்தான் கதவு. உடனே பீலித் தண்ணீரில் குளிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். ஈர உடுப்பில் இருந்ததால் எனக்கு முதுகிலும் தொடையிடுக்கிலும் படை வந்து கிரீம் பூச வேண்டியிருந்தது. மழைக் காலத்தில் பாய் காயாது, குசினி அடுப்புக்கு எட்டத்தில் கொடி கட்டித் தொங்கவிடுகிறேன்.

யார் இதைச் செய்யக்கூடாது என்று கேட்டால் என் பதில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும். கர்ப்பிணிகள் செய்யக்கூடாது, முதல் மூன்று மாதத்தில் தாயின் உடம்புச் சூடு மிகவும் ஏறினால் பிள்ளையின் முதுகுத்தண்டு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். இருதய நோயாளிகளும் வேண்டாம். பிரஷருக்குச் சிறுநீரைக் கூட்டுகிற மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏற்கனவே தண்ணீர் குறைகிறது, இதயத் துடிப்பைக் குறைக்கிற அட்டினோலோல் போன்றவை எடுப்பவர்களின் இதயம் சூட்டுக்கு ஏற்ற வேகத்தில் அடிக்காது, சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர்களுக்குச் சூட்டில் மருந்து வேகமாக இரத்தத்தில் கலந்து சீனி சட்டென்று இறங்கலாம். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். இன்னொன்று யாரும் யோசிக்காதது: தடிமனுக்கு நாம் சும்மா போடுகிற பிரிட்டன் (Piriton) மாத்திரை. அது வியர்வையைக் குறைக்கும், தூக்கமும் வரவைக்கும். காய்ச்சல், வயிற்றோட்டம், தடிமன் மாத்திரை, முந்தின இரவு மது, இதில் எது இருந்தாலும் அன்றைக்குச் சூட்டறை இல்லை.

வெப்பக் களைப்பு என்றால் நிறைய வியர்த்து, தோல் சில்லிட்டு, தலைவலியும் குமட்டலும் வரும், வெளியே கொண்டுவந்து படுக்கவைத்துக் குடிக்கக் கொடுத்தால் தேறும். ஆனால் ஆள் குழப்பமாகப் பேசினால், நாக்குக் குழறினால், தள்ளாடினால், மயங்கினால் அது வெப்பத் தாக்கு, உயிரை எடுக்கும். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று காத்திருக்காதீர்கள், வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரலாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்துப் பாதைக்கு வந்துசேர நேரமாகும், அதனால் காத்திருக்கும் நேரம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். மயங்கிய ஆளுக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. என் அறைக் கதவின் உட்புறத்தில் அந்த இலக்கத்தைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், தனியாகச் செய்யும்போது கதவைப் பூட்டுவதும் இல்லை.

வியர்வையோடு நச்செல்லாம் போகிறது என்பதை நானும் நம்பியிருந்தேன். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான், கழிவு நீக்குகிற வேலையை ஈரலும் சிறுநீரகமும் செய்கின்றன. 2018இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் நடுவயதுக்காரர்களை 12 கிழமைகள் ஒரே ஆசன வரிசையைச் செய்யவைத்தார்கள், ஒரு குழு 40 பாகையில், இன்னொரு குழு 23 பாகையில். இரத்த நாளங்கள் விரிகிற திறன் இரண்டு குழுவிலும் கூடியது, சூடு போட்டதால் தனியான மேல்வாசி எதுவும் அதில் தெரியவில்லை. இதை வாசித்த பிறகு எனக்கு ஒரு பாரம் இறங்கியது. இப்போது என் அறை 30, மிஞ்சினால் 32 பாகை, 45 நிமிடம், கிழமைக்கு இரண்டு நாள். மற்ற நாட்களில் சூடே இல்லை. இந்தக் குளிரில் உடம்பு இறுகாமல் இருக்க அந்த 30 பாகை எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்காகத்தான் விடாமல் வைத்திருக்கிறேன்.

பக்கத்து லயத்து அக்கா ஒருவர் சனிக்கிழமைகளில் வருவார், இன்னமும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி இருபது வருடம் மலையேறி இறங்கியதில் கழுத்தும் தோளும் கல்லாகக் கிடக்கின்றன. தலையைத் தரையில் ஊன்றுகிற சசாங்காசனத்தை அவருக்கு நான் காட்டவே இல்லை, கதிரையில் உட்கார்ந்து தோளைச் சுழற்றுவதிலும் கையை உயர்த்துவதிலும்தான் ஆரம்பித்தோம். சூடு போடாத அறையிலேயே அவருக்கு இரண்டு தடவை தலை சுற்றியது. "வேல வெட்டியில வர்றதுதான் தங்கச்சி, அது ஒன்னுமில்ல" என்றார். கண் இமையின் உட்பக்கம் வெளுத்துக் கிடந்தது. தோட்டத்துப் பெண்களிடம் இரத்தசோகை எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்ததுதானே, சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடித்தால் சாப்பாட்டு இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறைகிறது. கட்டாயப்படுத்தி இரத்தம் சோதிக்க அனுப்பினேன், ஹீமோகுளோபின் 8.6. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எதனால் குறைந்தது என்றும் பார்க்கிறார்கள். தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்துக் குடிக்கிறார்.

"அந்தச் சூட்டு ரூமுக்கு என்னைய எப்ப விடுவ?" என்று போன கிழமை கேட்டார். அடுத்த இரத்தப் பரிசோதனை வரட்டும், டொக்டரும் சரி என்று சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம் அக்கா என்றேன். இப்போதைக்கு இஸ்தோப்பில் வெயில் விழுகிற இடத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு தோளைச் சுழற்றுகிறார், இடது கை காதுக்கு மேலே போகத் தொடங்கியிருக்கிறது.